பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே: நெல்லை, தென்காசி வட்டாரத்தில் மாணவர் பாதுகாப்பு, 1995–2025

பள்ளிகளைப் போரிலிருந்து காப்பதற்கான பிரகடனம் ஒன்று 2015-இல் ஓஸ்லோவில் வெளியானது. 1995 செப்டம்பரில் யாழ்ப்பாணத்து நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மீது குண்டு விழுந்ததுபோன்ற கொடுமைகளுக்கு அதன் மொழி பொருந்தும். தென்காசி மாவட்டம் ஆலங்குளத்தைச் சுற்றிய ஊர்களில் ஆபத்து வரும் வழி வேறு. இங்கே அடிப்பவரும் அடிபடுபவரும் ஒரே சீருடையில் இருக்கிறார்கள். பல வேளைகளில் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். சாதி மோதலிலிருந்து மாணவர்களைக் காக்க முப்பது ஆண்டுகளாக எடுக்கப்பட்ட நடவடிக்கைகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: பள்ளிக்கூட கேட்டுக்கு உள்ளே ஒரு துறை, வெளியே இன்னொரு துறை என்று பொறுப்பு பிரிந்தே கிடந்தது. வன்முறை அந்தக் கோட்டை மதிக்கவில்லை.

தென் மாவட்டங்களை உலுக்கிய 1995 கலவரங்களின் தொடக்கம், இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள வீரசிகாமணி. அவ்வாண்டு ஜூலை 26 அன்று பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கும் பள்ளி மாணவர்களுக்கும் ஏற்பட்ட தகராறு, இரு சமூகங்களின் சண்டையாகி ஊர் ஊராகப் பரவியது. ஆகஸ்ட் 31 அன்று பட்டியல் சாதியினர் ஊரான கொடியன்குளத்தில் காவல்துறையே புகுந்து சூறையாடியது. அரசு இதையெல்லாம் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகவே பார்த்தது. போக்குவரத்துக் கழகத்துக்குப் பட்டியல் சாதியினர் போற்றும் வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியதில் 1997-இல் மறுபடி மோதல் வெடிக்க, மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்களின் பெயர்கள் மொத்தமாக நீக்கப்பட்டன. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டமானது. பேருந்தின் பெயர்ப்பலகை மாறியது. உள்ளே படியில் தொங்கிக்கொண்டு போன மாணவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

கல்லூரி கேட் எப்படி ஓர் எல்லைக்கோடாக நின்றது என்பதைச் சென்னை காட்டியது. 2008 நவம்பர் 12 அன்று டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் மாணவர்கள் சாதி மோதலில் ஒருவரையொருவர் கட்டையால் அடித்ததைத் தொலைக்காட்சி காட்டியது. வாசலில் நின்ற போலீசார் பார்த்துக்கொண்டிருந்தனர். கல்லூரி முதல்வர் அழைக்காமல் உள்ளே போக முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

நெல்லைப் பள்ளிகளில் அடுத்து வந்தது கயிறு. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்தே இன்னார் இன்ன சாதி என்று மாணவர்கள் அறிந்துகொண்டனர். பார்ப்பதற்குக் கோயில் கயிறுபோலவே இருக்கும். கழற்றச் சொல்லும் ஆசிரியர் சாமிக் குற்றம் செய்தவர் ஆகிவிடுவார். நெல்லை மாவட்டத்தில் இந்தப் பழக்கம் இருப்பதாக வந்த செய்திகளின் பேரில் தேசிய மனித உரிமை ஆணையம் 2015-இல் அரசிடம் விளக்கம் கேட்டது. 2019 ஜூலை 31 அன்று பள்ளிக் கல்வி இயக்குநர் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்புக் கிளம்பியதும், பழைய நிலையே தொடரும் என்று அன்றைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன் சொல்லிவிட்டார். சுற்றறிக்கைக்கு நீண்ட ஆயுள் இல்லை. அதற்கான விலை 2022 ஏப்ரலில் தெரிந்தது: ஆலங்குளத்துக்குத் தெற்கே, பாப்பாக்குடி அருகிலுள்ள பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் கயிற்றை ஒட்டி எழுந்த சண்டையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், 'ஊர்க் கட்டுப்பாடு' என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சிறுவர்களுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த கடைக்காரர் கைதானார். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குள் நுழையும் முன்பே பாடம் தொடங்கிவிடுகிறது.

2023 ஆகஸ்ட் 9, நாங்குநேரி. சக மாணவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், பள்ளி விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். அன்றிரவே அந்தச் சக மாணவர்கள் வீடு தேடி வந்து அவரையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். பள்ளி தன் கடமையைச் செய்தது என்று வாதிடலாம். ஆனால் புகார் சொன்ன பிள்ளை சாயங்காலம் எந்த ஊருக்கு, யார் இருக்கும் தெருவுக்குத் திரும்புகிறான் என்று கேட்கும் வழக்கம் எந்த அலுவலகத்திலும் இல்லை. அந்த மாணவர் மறு ஆண்டு தேர்வில் 600-க்கு 469 எடுத்தார். அதைப் பாராட்டுவது எளிது.

நாங்குநேரி சம்பவத்தையொட்டி அமைந்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூன் 18 அன்று அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு ஆகியவற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, அகரவரிசையில் இருக்கை, சமூக நீதி மாணவர் படை எனப் பல பரிந்துரைகள். என் பார்வையில் மிகக் கனமானது வேறொன்று: ஒரு வட்டாரத்தில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே கல்வி அதிகாரியாகவோ தலைமையாசிரியராகவோ அமர்த்தக் கூடாது என்பது. ஆசிரியர் அறையிலும் சாதி உண்டு என்பதை ஓர் அரசுக் குழு எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் இது. வெளியே அதிகம் விவாதிக்கப்பட்டதோ பொட்டும் கயிறும்தான்.

2025 மார்ச்சில் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்புப் பட்டியல் சாதி மாணவரை வழிமறித்து இறக்கி விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் வென்றதே காரணம் என்றது குடும்பம். இலவச பஸ் பாஸ் கொடுக்கும் அரசு, அந்தப் பஸ்ஸைப் பள்ளியின் நீட்சியாக எண்ணியதில்லை.  அடுத்த மாதம் பாளையங்கோட்டைத் தனியார் பள்ளி வகுப்பறையில் எட்டாம் வகுப்பு மாணவர் சக மாணவரை அரிவாளால் வெட்டினார். தடுக்க வந்த ஆசிரியையும் காயப்பட்டார். அங்கே சொல்லப்பட்ட காரணம் சாதி இல்லை, பென்சில் தகராறு. பெரியவர்கள் சாதிச் சண்டைக்கு எடுத்த அரிவாள் பள்ளிப் பையில் இடம்பிடித்தபின், அதை எடுக்கச் சாதிகூடத் தேவைப்படவில்லை. அதைத் தடுக்கக் கயிற்றுத் தடையும் பெயர் நீக்கமும் போதாது.