போத்தனூர்ப் பேரன் கட்ட நினைத்த மூளை

போத்தனூர் ரயில்வே சிக்னல் ஒர்க்‌ஷாப்பில் ரிலே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புத் துண்டு ஒட்டும், நின்றால் விடும். அது ஒட்டுவதையும் விடுவதையும் நம்பித்தான் ரயில் ஓடுகிறது. கணினியின் முன்னோடியான ஆலன் டூரிங் 1937இல் பிரின்ஸ்டனில் இருந்தபோது, நண்பர் ஒருவரிடம் பட்டறைச் சாவி வாங்கி, தன் கையாலேயே ரிலே சுற்றி, பெருக்கல் போடும் கருவி செய்யப் புறப்பட்டவர். அதைப் படித்த பிறகு அவரை அந்நியராக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஊர் உறவும் உண்டு. அவருடைய தாய் ஈத்தல் சாரா ஸ்டோனி 1881இல் பிறந்தது இதே போத்தனூரில்தான். தாத்தா எட்வர்ட் வாலர் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். சத்தம் போடாத பங்கா விசிறிச் சக்கரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியவர். தந்தை ஜூலியஸ் மெட்ராஸ் மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரி. பெற்றோர் இங்கே இருக்க, பையன்கள் இருவரும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தார்கள்.

டூரிங்கைக் கிறுக்கு விஞ்ஞானி என்று சொல்லிச் சிரிப்பவர்கள் நிறையப் பேர். விஷவாயு முகமூடி போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டினார், தேநீர்க் கோப்பையைச் சங்கிலியால் கட்டி வைத்தார் என்பார்கள். மகரந்தம் பட்டால் தும்மல் நிற்காதவருக்கு அந்த முகமூடி மருந்து. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காணாமல் போகிற கோப்பைக்குச் சங்கிலி காவல். இதில் கிறுக்கு எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிவது, காரணம் பார்த்துச் செய்கிற ஒரு நல்ல மெக்கானிக்.

அவரைப் பற்றி 2014இல் வந்த திரைப்படம் இன்னொரு கதை கட்டியது. ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைத்த எந்திரத்துக்கு, இறந்துபோன பள்ளித்தோழன் கிறிஸ்டோபரின் பெயரை டூரிங் வைத்தாராம். உண்மையில், சங்கேதங்களை உடைத்த பிளெட்ச்லி பார்க் நிலையத்துக்கு 1940இல் வந்த முதல் எந்திரத்தின் பெயர் விக்டரி. ஆனால் கிறிஸ்டோபர் மார்கம் என்ற தோழன் இருந்தது உண்மை, டூரிங் அவன்மீது உயிரையே வைத்திருந்ததும் உண்மை. 1930 பிப்ரவரியில் காசநோய் அவனைக் கொண்டுபோயிற்று. அப்போது டூரிங்குக்கு வயது 17. தோழனின் தாய்க்குக் கடிதம் எழுதிப் புகைப்படம் கேட்டார், அவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கினார். உடலோடு மனம் எப்படி ஒட்டியிருக்கிறது, உடல் போனபின் அது என்னவாகிறது என்று அந்தத் தாய்க்காக ஒரு கட்டுரையே எழுதினார். சடப்பொருளில் மனம் குடியிருப்பது எப்படி என்ற கேள்வி அதன்பின் அவரை விடவே இல்லை என்பது என் எண்ணம்.

போரின் நடுவில் அந்தக் கேள்வி பட்டறைக்கு வந்தது. 1942 இறுதியில் அமெரிக்கா போன டூரிங், பெல் ஆய்வுக்கூடத்தில் பேச்சை ரகசியமாக்கும் எந்திரம் ஒன்றைச் சோதித்தார். சுமார் 50 டன் எடை, ஓர் அறை நிறைய அலமாரிகள். அங்கேதான் கணிதவியலாளர் கிளாட் ஷானனோடு தேநீர் குடித்துக்கொண்டு, எந்திரம் சிந்திக்குமா என்று விவாதித்தார். திரும்பி வந்ததும் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் அதே வேலையைச் சின்னஞ்சிறு பெட்டிகளில் செய்து காட்ட இறங்கினார். டெலைலா என்று அதற்குப் பெயர். பேச்சை விநாடிக்கு ஆயிரக்கணக்கான துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டோடும் ஒரு ரகசிய எண்ணைக் கூட்டி அனுப்பும்; வாங்குகிற முனையில் அதே எண்ணைக் கழித்தால் குரல் திரும்பும். நடுவில் ஒட்டுக்கேட்டால் இரைச்சல்தான். சர்ச்சிலின் பேச்சுப் பதிவு ஒன்றை அதில் போட்டுப் பார்த்து மீட்டார்கள். வேலை முடியும்போது போரும் முடிந்துவிட்டதால் அது களத்துக்குப் போகவே இல்லை.

டெலைலாவை அவரோடு சேர்ந்து செய்தவர் டொனால்ட் பேய்லி என்ற இளம் பொறியாளர். சாலிடரிங் சுத்தமாகச் செய்யத் தெரிந்தவர். டூரிங்குக்கு அது வராது. ஒரு மூளையைக் கட்ட வேண்டும் என்று டூரிங் மனம் திறந்து சொன்னது இவரிடம்தான். தான் தன்பாலீர்ப்பாளர் என்பதையும் இவரிடம் சொன்னார். பேய்லி திடுக்கிட்டார், ஆனாலும் வேலை தொடர்ந்தது. அத்தகைய உறவுக்குச் சிறை என்றிருந்த காலத்தில் அதையும் ஒளிக்காமல் சொன்ன அந்தத் துணிவை நான் வணங்குகிறேன்.

படம் சொல்ல வந்ததுபோல, அவர் கட்ட நினைத்தது இறந்த தோழனின் பொம்மையை அல்ல, ஒரு மாணவனை. 1950இல் எழுதிய கட்டுரையில், பெரியவர் மனத்தைச் செய்வதைவிடக் குழந்தை மனத்தைச் செய்து அதற்குக் கல்வி கொடுப்போம் என்கிறார். பள்ளிக்கு அனுப்பினால் மற்ற பிள்ளைகள் அதைக் கேலி செய்வார்களே என்றும் அதே இடத்தில் கவலைப்படுகிறார். பெற்றோரை விட்டு வளர்ந்த பையன் எழுதியது என்று நினைத்துக்கொண்டு படித்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

1952இல் வீட்டில் திருட்டு நடந்ததாக அவரே காவல்துறையிடம் போனார். விசாரணை, ஓர் ஆணோடு அவருக்கிருந்த உறவின் பக்கம் திரும்பியது. 1885ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டித்தார்கள். சிறையா ஹார்மோன் மருந்தா என்றபோது மருந்தை ஏற்றார். அரசின் ரகசிய வேலைக்குள் மறுபடி விடவில்லை. 1954 ஜூன் 7 அன்று சயனைடால் இறந்தார், வயது 41. பிரதமர் மன்னிப்புக் கேட்க 2009 ஆயிற்று, அரச மன்னிப்பு வர 2013 ஆயிற்று. நாட்டைக் காத்தவனுக்கு நாடு செய்த துரோகம் இது; அதற்கு வேறு பெயர் கிடையாது.

தன்பாலுறவைக் குற்றமாக்கி பிரிட்டிஷார் இங்கே விட்டுப்போன 377ஆம் சட்டப்பிரிவை, மனமொத்த பெரியவர்களுக்குப் பொருந்தாது என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பரில். கணினி வரலாறு நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எனிக்மாவைச் சொல்லுங்கள், 1950 கட்டுரையைச் சொல்லுங்கள், 1952ஐ மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். அதைக் கேட்டாக வேண்டிய பிள்ளை ஒன்று உங்கள் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கும்.