அஸ்மிதை: யோக சாஸ்திரத்தில் அகங்காரக் கொள்கையின் வளர்ச்சியும் தற்கால மனிதனின் சுயமோகமும்

முன்னுரை

யோகம் என்றவுடனே உடலை வளைத்து நிறுத்தும் ஆசனங்களே நினைவுக்கு வருகின்ற இக்காலத்தில், பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம் தன்னுள் அடங்கிய சுமார் 195 சூத்திரங்களுள் ஆசனத்தின் விளக்கத்திற்கென ஒதுக்கியவை மூன்றே என்பதும், 'நான்' என்னும் உணர்வைக் குறிக்கும் அஸ்மிதை என்ற சொல்லோ அந்நூலின் நான்கு பாதங்களிலும் இடம்பெறுகின்றது என்பதும் பலருக்கு வியப்பை அளிக்கக்கூடும். ஆசிரியரின் கருத்து எதில் ஊன்றியிருந்தது என்பதற்கு இதுவே போதிய சான்று. 'நான்' என்பதைப் பற்றிய இவ்விசாரணை எங்கே தொடங்கிற்று, எவ்வாறு நுட்பமடைந்தது, நம் காலத்தில் எவ்வாறு கைவிடப்பட்டது என்பதைக் கால முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உபநிஷதமும் சாங்கியமும்

அகங்காரம் என்னும் சொல் வழங்கும் மிகப் பழைய இடங்களுள் ஒன்று சாந்தோக்கிய உபநிஷதத்தின் ஏழாம் அத்தியாயம். நான்கு வேதங்களும் இதிகாச புராணங்களும் இலக்கணமும் கணிதமும் கற்றுத் தேர்ந்த நாரதர், இவ்வளவு கற்றும் தம் துயரம் தீரவில்லை என்று சனத்குமாரரை அடைந்து முறையிட, அவர் பெயர், வாக்கு, மனம் எனப் படிப்படியாக உயர்த்திச் சென்று, எங்கும் நிறைந்த பூமா என்னும் பரம்பொருளைக் காட்டுகின்றார். கீழும் மேலும் நாற்றிசையும் அதுவே என்று முதலில் உபதேசித்தவர், பின்னர் அதையே 'நான்' என்னும் முறையில் வைத்துச் சொல்வதற்கு அகங்கார உபதேசம் என்று பெயர். இங்கு அகங்காரம் கடியப்படவில்லை. எல்லையற்ற ஒன்றைச் சுட்டும் வாயிலாகவே அது நிற்கின்றது.

ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகைக்கு வரும்போது நிலை மாறுகின்றது. ஆறாம் நூற்றாண்டிலேயே பரமார்த்தரால் சீன மொழியில் பெயர்க்கப்பட்ட இந்நூல், பிரகிருதியினின்று புத்தியும், புத்தியினின்று அகங்காரமும், அகங்காரத்தின் சாத்துவிகக் கூற்றினின்று மனத்தோடு கூடிய பதினோரு இந்திரியங்களும், தாமசக் கூற்றினின்று ஐந்து தன்மாத்திரைகளும் தோன்றுவதாகக் கூறுகின்றது. அபிமானமே அகங்காரத்தின் இலக்கணம். அதாவது, நிகழ்வது எதுவாயினும் அதனை 'என்னுடையது' என்று பற்றிக்கொள்ளும் தொழில். கண் காண்கிறது, புத்தி நிச்சயிக்கிறது. 'நான் கண்டேன்' என்று உரிமை கொண்டாடுவதோ அகங்காரம். இதில் கருதத்தக்கது யாதெனில், இவ்வளவு தொழில் செய்யும் அகங்காரமும் ஜடமே, சைதன்யம் புருஷனுக்கே உரியது என்பதாம். ஆகவே சாங்கியர்க்கு அகங்காரம் சிலரிடம் மட்டும் காணப்படும் ஒழுக்கக் குறைபாடு அன்று. இழிந்தவனிடமும் உயர்ந்தவனிடமும் ஒருங்கே இயங்கும் ஒரு தத்துவம்.

பதஞ்சலியும் வியாச பாஷ்யமும்

சாங்கியர் தத்துவமாக வகுத்ததைப் பதஞ்சலி நோயாகக் கண்டு சிகிச்சை கூற முற்படுகின்றார். அவித்தை, அஸ்மிதை, ராகம், துவேஷம், அபிநிவேசம் என்னும் கிலேசங்கள் ஐந்தனுள் இரண்டாவதான அஸ்மிதையை, காணும் சக்தியும் காண்பதற்குக் கருவியான சக்தியும் ஒன்றே போலத் தோன்றும் மயக்கம் என்று அவர் வரையறுக்கின்றார். செருக்கும் தற்பெருமையும் இம்மயக்கத்தின் விளைவுகள் மட்டுமே. தன்னைத் தாழ்ந்தவன் என்று எண்ணிச் சதா குமைந்துகொண்டிருப்பவனும், காணப்படும் ஒன்றையே தானென்று கொண்டிருக்கும் அளவில், தருக்கித் திரிபவனைப் போலவே அஸ்மிதைக்கு ஆட்பட்டவனாகின்றான்.

கிலேசங்கள் உறங்கியும், மெலிந்தும், இடையறவுபட்டும், பெருகியும் நான்கு நிலைகளில் இருப்பதாகச் சூத்திரம் கூறும். தவம், சுவாத்தியாயம், ஈசுவரப் பிரணிதானம் ஆகிய மூன்றும் அடங்கிய கிரியா யோகத்தின் பயன் கிலேசங்களை மெலிவித்தலும் சமாதியைக் கைகூட்டுதலுமே. மெலிந்தவற்றை விவேக ஞானத்தால் சுட்டபின் அவை வறுத்த விதைபோல் முளைக்கும் திறன் இழக்கும் என்பது இச்சூத்திரங்களுக்கு வியாசர் வரைந்த பாஷ்யத்தின் விளக்கம்.

ஆனால் இந்நூலாரின் கூர்மை வெளிப்படுவது, சாதகனுடைய அகங்காரத்தை ஆராயுமிடத்திலேதான். சம்பிரஜ்ஞாத சமாதியின் மிக நுட்பமான படியிலும் 'இருக்கிறேன்' என்னும் அஸ்மிதை எஞ்சி நிற்கும் என்று சமாதி பாதம் கூறுகின்றது. விபூதி பாதமோ, சித்திகள் சமாதிக்கு இடையூறுகள் என்று அறிவித்து, உயர்நிலைத் தேவர்கள் வந்து அழைக்குங்கால் பற்றும் வியப்பும் கொள்ளலாகாது என எச்சரிக்கின்றது. இவ்விடத்தில் வியாசர் யோகியரை நான்கு தரத்தினராகப் பிரித்து, இரண்டாம் தரத்தவனான மதுபூமிகன் முன் தேவர்கள் தோன்றி, மூப்பை நீக்கும் ரசாயனத்தையும், வான ஊர்தியையும், கற்பகத் தருவையும், அரம்பையரையும் காட்டி அமருமாறு வேண்டுவதை விரிவாக வர்ணிக்கின்றார். அவற்றை மறுத்துவிடுதல் மட்டும் போதாது. 'தேவர்களும் வேண்டி நிற்கும் பெருமை எனக்கு வந்ததே' என்று உள்ளுக்குள் மகிழ்ந்தானாயின், யமன் தன் தலைமயிரைப் பற்றியிருப்பதை அவன் உணரமாட்டான் என்கின்றார். துறவும் அகங்காரத்திற்கு உணவாகக்கூடும் என்பதை இதனினும் தெளிவாக யார் உரைக்க முடியும்?

தமிழ்ச் சைவம் செய்த நுட்பம்

தமிழகத்தில் யோகமும் சிவநெறியும் திருமந்திரத்திலேயே இணைந்துவிட்டன. அட்டாங்க யோகம் அதன் மூன்றாம் தந்திரத்தில் விரித்துரைக்கப்படுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தின் நான்காம் சூத்திரம், ஆன்மா அகங்காரம் முதலிய அந்தக்கரணங்களுள் ஒன்று அன்று என நிறுவுகின்றது. சைவ சித்தாந்திகள் இதனோடு நில்லாது, அகங்காரத்தையும் ஆணவத்தையும் வேறு பிரித்தனர். அகங்காரம் மாயையின் காரியமான ஒரு கருவி; உயிர் அறிவு பெறுவதற்குத் துணையாவது. ஆணவமோ அநாதியே உயிரைப் பற்றி அதன் அறிவை மறைத்து நிற்கும் மலம். கருவியை ஒடுக்கிய மாத்திரத்தில் மறைப்பு நீங்கிவிடாது, திருவருளும் வேண்டும் என்னும் முடிவு இதனாற் பெறப்படும். தன் முயற்சியால் 'நான்' என்பதை வென்றேன் என்று சொல்லும்போதே அந்த 'நான்' மீண்டும் தலைதூக்குமாதலின், இம்முடிவு யோக சாதகனுக்கும் பெருந்துணையாவது. பதஞ்சலி ஈசுவரப் பிரணிதானத்தைக் கிரியா யோகத்தின் உறுப்பாக வைத்ததும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது.

நவீன காலத்தில் நேர்ந்த மாற்றம்

1896இல் விவேகானந்தரின் ராஜ யோகம் வெளிவந்தபோது, தியானமும் மனோநிக்கிரகமுமே மேனாட்டார்க்கு யோகமென அறிமுகமாயின. 1930களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவோடு கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலையிலிருந்து ஆசனப் பயிற்சி புதுவலிமை பெற்றுப் புறப்பட்டது. அவர் மாணவரான பி. கே. எஸ். ஐயங்கார் 1966இல் வெளியிட்ட நூலில் ஏறக்குறைய 600 புகைப்படங்கள் இடம்பெற்றன. அந்நூல் அகிம்சை, சத்தியம் முதலிய ஒழுக்கங்களான இயம நியமங்களை முன்வைத்தே தொடங்குகின்றது என்பதையும் இங்குக் கூறுதல் நேர்மை. எனினும் உலகம் படங்களைப் பற்றிக்கொண்டது, இயமங்களை விட்டுவிட்டது.

அதே காலத்தில் மேனாட்டிலும் 'நான்' பற்றிய ஆராய்ச்சி வேறொரு வழியில் வளர்ந்தது. சுயமோகத்தைப் பற்றி ஃப்ராய்டு 1914இல் தனிக் கட்டுரை வரைந்தார். 1979இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் லாஷ், பொதுவாழ்வில் நம்பிக்கை இழந்த மக்கள் தம்மைத் தாமே செப்பனிடுவதில் மூழ்கியதையும், கீழை நாட்டு ஞானமும் அவ்வாறே பயன்பட்டதையும் எடுத்துக்காட்டினார். சுயமோகி பிறருடைய வியப்பின்றி ஒரு கணமும் நிலைகொள்ள முடியாதவன் என்பது அவர் கண்ட உண்மை. பிறர் கண்ணில் தோன்றும் தன் உருவத்தையே தானென்று கொள்பவன், பதஞ்சலியின் மொழியில், காட்சிப்பொருளைக் காண்பவனாக மயங்கியவனே அல்லவா?

2018இல் கெபாவர் முதலிய உளவியலறிஞர் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. யோகம் பயிலும் 93 பேரை 15 வாரம் தொடர்ந்து கவனித்ததில், பயிற்சி முடிந்த வேளைகளில் அவர்களுடைய சுய உயர்வெண்ணம் குறைவதற்கு மாறாக மிகுந்தே காணப்பட்டது. எத்திறனையும் தொடர்ந்து பயிலுங்கால் அது ஒருவனுடைய சுயமதிப்பின் மையமாகிவிடுவது இயல்பு என்று அவ்வறிஞர் காரணம் காட்டினர். யோகமே பொய் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. எட்டு அங்கங்களும் கூடிய சாதனை இங்கே சோதிக்கப்படவில்லை. மதுபூமிகனைப் பற்றி வியாசர் விடுத்த எச்சரிக்கை சாதாரண சாதகனுக்கும் பொருந்துவதென்றே இதனைக் கொள்ள வேண்டும்.

முடிவுரை

உபநிஷதத்தில் பரம்பொருளைச் சுட்டும் வாயிலாகவும், சாங்கியத்தில் பிரபஞ்சத் தத்துவமாகவும், பதஞ்சலியிடம் கிலேசமாகவும் விளங்கிய 'நான்' என்னும் உணர்வு, நம் காலத்தில் பேணிப் போற்றி விளம்பரப்படுத்தற்குரிய உடைமையாகச் சுருங்கிவிட்டது. இச்சுருக்கத்திற்கு ஆசனம் காரணமன்று. இயம நியமங்களையும் ஈசுவரப் பிரணிதானத்தையும் கழித்துவிட்டு ஆசனத்தை மட்டும் வைத்துக்கொண்டமையே காரணம். ஆதலின் யோகம் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவனுடைய உடல் எவ்வளவு வளைந்தது என்று பார்ப்பதற்கு முன், அவனிடத்து அகிம்சையும் சத்தியமும் எவ்வளவு வேரூன்றின என்று பார்க்கும் வழக்கத்தை மீண்டும் கைக்கொள்ளுதல் வேண்டும். அஸ்மிதையை மெலிவிக்காத பயிற்சி உடலுக்கு எவ்வளவு நன்மை தருவதாயினும், பதஞ்சலி வகுத்த அளவுகோலின்படி அதனை யோகம் என்று கொள்ள இடமில்லை.