அத்தையின் ராசியும் ஒரு ஞானப் பல்லும்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பேத்தியைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். நான்கு நாளாக வலது தாடையில் வலி. காது வரை இழுக்கிறது, வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை, இட்லியைக்கூட விண்டு விண்டுதான் உள்ளே தள்ளினாள். முழுத் தாடையும் தெரிகிற ஓபிஜி எக்ஸ்ரே எடுத்து டாக்டர் காட்டினார். கீழ்வரிசையில் கடைசிப் பல் நேராக முளைக்க இடமில்லாமல் பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்து கிடந்தது. கூட்ட பஸ்ஸில் அடுத்தவர் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்குவார்களே, அப்படி.

"நல்லவேளை வந்தீங்கம்மா. விட்டிருந்தா வீக்கம் கழுத்துக்கு இறங்கும்" என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் எனக்குப் பெரிய மாமா ஞாபகம் வந்துவிட்டது.

நம் குடும்பத்து மூத்தவர்களுக்குத் தெரிந்த கதைதான். என் அம்மாவின் அண்ணன். 1951 தை மாதம் கல்யாணம், பங்குனியில் இறந்துவிட்டார். வயது 22. நான் அப்போது பிறக்கவே இல்லை. "அவ வந்த ராசி" என்று அத்தையைச் சொன்னார்கள். அத்தை அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்தார். வீட்டில் எந்த நல்ல காரியம் நடந்தாலும் சமையல்கட்டை விட்டு வெளியே வரமாட்டார். என் கல்யாணத்திலும் அப்படித்தான்.

மாமாவுக்கு என்ன நடந்தது என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். முதலில் கடைவாயில் வலி. உப்பு ஒத்தடம், மஞ்சள் பற்று, கிராம்பு. "பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்" என்று பாட்டி தடுத்துவிட்டார். மூன்றாம் நாள் வாய் திறக்கவில்லை. தாடைக்குக் கீழே கல் போல வீக்கம். திருஷ்டி கழித்தார்கள். ஐந்தாம் நாள் எச்சில் விழுங்க முடியவில்லை, பிறகு மூச்சுத் திணறல். அன்றிரவே முடிந்துவிட்டது.

டாக்டர் சொன்னதையும் நான் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மூன்றாம் கடைவாய்ப் பல் பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கும். விவரம் தெரிகிற வயதில் வருவதால் ஞானப் பல் என்று பெயர். இந்தியிலும் அரபியிலும் இலத்தீனிலும் இதே பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ரமண மகரிஷி 1896 செப்டம்பர் 1-ல் இந்த ஊருக்கு வந்தபோது அவருக்கு வயது 16. அவருக்கு ஞானம் பல்லுக்கு முன்பே வந்துவிட்டது!

நமக்கெல்லாம் பல் வருகிறது, ஆனால் இடம் இருப்பதில்லை. கடினமான உணவை மென்று தின்ற ஆதி மனிதருக்குத் தாடை பெரியது. வேகவைத்து மிருதுவாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு தாடை சிறுத்தது, பல்லின் எண்ணிக்கை குறையவில்லை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு மூடிபோல் கிடக்கும். அதனடியில் சோறு சிக்கும், கிருமி சேரும், சீழ் பிடிக்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேர் ஆழமானது. அங்கிருந்து சீழ் தாடைக்கு அடியில் இறங்கினால் நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுக் குழாய் அடைபடும். 1836-ல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்து எழுதினார். இன்றும் அந்த நோய்க்கு அவர் பெயர்தான். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை.

மாமாவின் காலத்துக்குள் உலகம் சும்மா இருக்கவில்லை. 1844 டிசம்பரில் அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், சிரிப்பூட்டும் வாயுவைத் தானே சுவாசித்துத் தன் கடைவாய்ப் பல் ஒன்றை வலியில்லாமல் எடுக்கச் செய்தார். அது ஞானப் பல் என்றே பலரும் எழுதியிருக்கிறார்கள். 1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஜனவரியிலேயே வால்க்ஹாஃப் என்ற ஜெர்மானியர் 25 நிமிடம் அசையாமல் கிடந்து தன் பற்களைப் படம் எடுத்தார். பேத்திக்குச் சில வினாடிதான் ஆனது. 1928-ல் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தார், இரண்டாம் உலகப் போரில் அது பயனுக்கு வந்தது. இன்று ஈறில் போடும் மரப்பு ஊசியான லிக்னோகெய்ன் 1943-ல் சுவீடனில் உருவானது.

நம் பக்கம் எப்படி இருந்தது? கட்டியை அறுப்பதும் பல்லைப் பிடுங்குவதும் முடிதிருத்தும் தொழிலாளர்கள்தான். அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் நம் பாட்டிகளுக்குப் பிரசவம் பார்த்தார்கள். அந்த உதவியை மறக்கக் கூடாது. சீனாவின் ஹூபே பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் தமிழ்நாட்டு நகரங்களில் பல் வைத்தியம் பார்த்தன. "சீன பல் டாக்டர்" என்ற பலகையை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-ல் கல்கத்தாவில் டாக்டர் ரஃபியுதீன் அகமது தொடங்கினார். 1948-ல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. படித்துப் பட்டம் பெற்றவர்களுக்கு ஒரு பதிவேடு, பட்டம் இல்லாமல் ஐந்து வருடமாவது அதே தொழிலில் பிழைத்தவர்களுக்குத் தனியாக ஒரு பதிவேடு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது 1953-ல். மாமா போய் இரண்டு வருடம் கழித்து.

ஆனால் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. அப்போது நாம் வட ஆற்காடு மாவட்டம். திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது 1989-ல்தான். மாவட்டத் தலைநகர் வேலூர், போளூர் வழியாக 80 கிலோமீட்டர் சொச்சம். அங்கே ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-லேயே மருத்துவப் பணியைத் தொடங்கி, 1951-ல் அது பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்திருந்தது. பெனிசிலினும் வந்துவிட்ட காலம். பிழைக்க ஒரு வழி இருந்திருக்கும். பல்வலிக்கு யாராவது வேலூர் போவார்களா என்று நினைத்துவிட்டார்கள்.

மாமாவை எந்த டாக்டரும் பார்க்கவில்லை. அதனால் இதுதான் நோய் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அம்மா சொன்ன ஒவ்வொரு அறிகுறியும் பொருந்துகிறது. தாடைக்குள் ஒரு பல்லுக்கு இடம் போதாததற்கு, வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆன ஒரு பெண் பொறுப்பா? கிருமிக்கு ராசி தெரியுமா? அத்தை உயிரோடு இருந்தபோது இதைச் சொல்ல எனக்கு அறிவு இல்லை. குடும்பத்தில் இன்னும் யாராவது "அந்த ராசி" கதையைச் சொன்னால், தயவுசெய்து இந்தப் பதிவைக் காட்டுங்கள்.

பிள்ளைகளே, தொல்லை தராத ஞானப் பல்லை எல்லோரும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, அதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஆனால் தாடை வீங்கினால், வாய் திறக்காவிட்டால், காய்ச்சல் வந்தால், விழுங்க முடியாவிட்டால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். மூச்சு முட்டினால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. பல் பிடுங்கினால் கண் போகாது. பேத்திக்கு மாத்திரையில் சீழ் வற்றி, நேற்று பல்லை எடுத்தாயிற்று. இன்று ஐஸ்கிரீம் கேட்கிறாள்.

அத்தையின் படம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பெரிதாக்கி மாமா படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்