ஃபேடர் பேசும் மொழி: கன்ட்ரோல் சர்ஃபேஸ் வந்த கதை

சிதம்பரம் என்றால் நாட்டியாஞ்சலி. 1981இல் தொடங்கிய விழா. நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் என்று நான்கு பேரை அழைத்து வந்து மேடையில் உட்கார வைப்பது செலவு பிடிக்கும் காரியம். அதனால் பதிவு செய்த பாட்டுக்கு ஆடும் மாணவிகள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தப் பதிவை இன்று கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒரு வீட்டு அறையில், ஒரு கணினியை வைத்தே முடித்துவிடலாம். சிக்கல் பதிவு செய்வதில் இல்லை, கலப்பதில்தான் இருக்கிறது. ஜதி சொல்லும்போது தாளம் காதைக் குத்தக்கூடாது, பல்லவி வரும்போது குரல் மேலே வரவேண்டும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் செய்யவேண்டிய வேலை இது. மவுஸுக்கு இருப்பதோ ஒரே அம்பு!

கை வைத்துக் கலப்பது என்பதே ஒரு காலத்தில் புதுமைதான். பழைய மிக்ஸர்களில் இருந்தவை ரேடியோ குமிழ் போல வட்டமாகத் திருகும் குமிழ்கள். ஒரு கைக்கு ஒரு குமிழ்தான் அகப்படும். 1950களில் அமெரிக்காவின் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸில் இருந்த டாம் டவுட் என்ற ஒலிப்பொறியாளர், மேலும் கீழும் தள்ளும் ஃபேடர்களைக் கொண்டுவந்தார். பத்து விரலாலும் பியானோ வாசிப்பது போலக் கலக்கலாம். 1970களின் பிற்பகுதியில் நீவ் நிறுவனத்தின் நெகாம் வந்தது. அதில் ஒவ்வொரு ஃபேடருக்கும் ஒரு சின்ன மோட்டார். முதல் முறை கை தள்ளியதைக் கணினி நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை தானே தள்ளிக் காட்டும். பேய் நகர்த்துவது போலத்தான் இருந்திருக்கும் :-)

இதெல்லாம் பெரிய ஸ்டுடியோக்களின் சமாச்சாரம். தமிழ்நாட்டில் ஸ்டுடியோ வீட்டுக்குள் வந்ததற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ஏ.ஆர்.ரஹ்மான். 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன்னைக் கட்டினார். 1992இல் வந்த 'ரோஜா'வின் இசைக்குப் பின்னால் இருந்தது அந்தச் சின்ன ஸ்டுடியோதான். அவருடன் பல ஆண்டுகள் பணியாற்றிய ஒலிப்பொறியாளர் ஹெச்.ஸ்ரீதர் (2008இல் மறைந்தார்) பெயரைச் சொல்லாமல் அந்த ஒலியைப் பற்றிப் பேசக்கூடாது. வீட்டு ஸ்டுடியோ என்றாலும் கலக்கியது கை தெரிந்த ஒருவர்.

இதே காலத்தில் மிக்ஸர் திரைக்குள் குடியேறியது. 1991இல் புரோ டூல்ஸ் வந்தது. 1996இல் ஸ்டைன்பெர்க்கின் க்யூபேஸ் விஎஸ்டி, மிக்ஸரையும் எஃபெக்ட்களையும் வீட்டுக் கணினித் திரையிலேயே வரைந்து காட்டியது. விலை இறங்கியது, இடம் மிச்சமானது, கைக்கு வேலை போயிற்று. போன வேலையைத் திருப்பித் தர வந்ததுதான் கன்ட்ரோல் சர்ஃபேஸ். அதற்குள் பாட்டு எதுவும் ஓடாது. "மூன்றாவது ஃபேடர் இவ்வளவு ஏறியது" என்ற செய்தியை மட்டும் கணினிக்கு அனுப்பும்.

எந்த மொழியில் அனுப்புகிறது? வாங்குகிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். ஆனால் கடையில் எல்லோரும் எண்ணுவது ஃபேடர்களை.

1983இல் வெவ்வேறு கம்பெனிகளின் கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக மிடி என்ற பொது மொழி வந்தது. அதில் சாதாரணக் கட்டளைக்கு 128 படிகள்தான். மெதுவாகக் குறைத்துக்கொண்டே போகும் தம்புராவுக்கு அது கொஞ்சம் கரடுமுரடு. 1990களின் பிற்பகுதியில் மேக்கி நிறுவனம் புரோ டூல்ஸுக்காக ஹெச்யூஐ என்ற கருவியைச் செய்தது. 2002இல் எமாஜிக் நிறுவனத்தின் லாஜிக் மென்பொருளுக்காக லாஜிக் கன்ட்ரோலைச் செய்து கொடுத்தது. அதே ஆண்டு ஆப்பிள் எமாஜிக்கை வாங்கி, விண்டோஸுக்கான லாஜிக்கை நிறுத்திவிட்டது. கருவி சாகவில்லை. ஏறக்குறைய அதே உடலோடு மேக்கி கன்ட்ரோல் என்ற பெயரில் மற்ற மென்பொருள்களுக்கும் வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபேடரின் நிலையை அனுப்ப மேக்கி கன்ட்ரோல் எடுத்துக்கொண்டது மிடியின் பிட்ச் பெண்ட் செய்தியை. கீபோர்டில் ஸ்வரத்தை வளைக்க வைத்திருந்த வசதி அது, 16,384 படிகள் கொண்டது. கீபோர்டில் கமகத்துக்கு நம்மவர்கள் படாதபாடு படும் அதே சக்கரத்தின் செய்திதான் இங்கே ஃபேடரை ஓட்டுகிறது.

இந்த மொழி அதைப் பெற்ற கருவியைவிட நீண்ட நாள் வாழ்கிறது. 2000களின் நடுவில் எட்டு மோட்டார் ஃபேடரோடு மலிவாக வந்த பெரிஞ்சர் பிசிஎஃப்2000 அதைப் பேசியது, பின்னால் வந்த எக்ஸ்-டச்சும் பேசுகிறது. கோர்க் நானோகன்ட்ரோல்2 போன்ற கையடக்கக் கருவிகூடப் பேசும். தனி டிரைவரை நம்பியவற்றின் கதி வேறு. ஃபிரான்டியர் நிறுவனத்தின் கம்பியில்லா டிரான்ஸ்போர்ட் அருமையான யோசனை, ஆனால் நிறுவனம் கருவி செய்வதை விட்டதும் புது டிரைவருக்கு வழியில்லை. டிஜி 002 போல ஃபயர்வயரை நம்பியவை இன்னும் பாவம். லேப்டாப்களிலிருந்து அந்தத் துளையே மறைந்தது. 2025இல் ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்திலிருந்தும் அதை எடுத்துவிட்டது. ஃபேடர் நன்றாகத்தான் இருக்கும், பேச ஆள் இருக்காது. ஒரு மாணவர் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் பழைய இரும்பாவது இப்படித்தான்.

கடலூருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2012இல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு எப்படி இருந்தது என்று அந்த நாளில் படித்தவர்களைக் கேட்டால் தெரியும். மோட்டார் ஃபேடர்களுக்குப் பெரும்பாலும் தனி அடாப்டர் வேண்டும். பிரிசோனஸின் பழைய ஃபேடர்போர்ட் யுஎஸ்பியிலேயே உயிர் பிழைக்கும், ஆனால் அடாப்டர் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது. நானோகன்ட்ரோலுக்கு மோட்டாரே கிடையாது. லேப்டாப் பேட்டரி இருக்கும்வரை அதுவும் ஓடும். ஆனால் திரையில் ஃபேடர் ஓரிடத்திலும் கையில் இன்னோரிடத்திலும் நிற்கும். தொட்டவுடன் சத்தம் குதிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

தேவாரமோ தனிக்குரல் கச்சேரியோ பதிவு செய்கிறவருக்கு மேக்கி கன்ட்ரோல் பேசும் ஒற்றை மோட்டார் ஃபேடர் தாராளம். குரல் ஒன்றைத்தானே ஓடவிட்டுத் திருத்தப் போகிறார்? நாட்டியப் பாட்டு கலப்பவருக்கு எட்டு வேண்டும், அதில் நான்குதான் கைக்கு அகப்படும் என்றாலும். பழையது வாங்கினால் விற்பவர் வீட்டிலேயே கணினியில் செருகி, எட்டு ஃபேடரையும் ஒரே வேகத்தில் கீழிருந்து மேலே தள்ளிப் பார்க்கவேண்டும். கடற்கரை உப்புக்காற்றும் தூசியும் குடித்த ஃபேடர் நடுவில் எண்ணைத் தாவவிடும், திரையில் அது உடனே தெரியும். தேவனாம்பட்டினம் பக்கம் வீடு என்றால் வேலை முடிந்ததும் ஒரு துணி போட்டு மூடிவைப்பது நல்லது.