கட்டுமரமும் பாய்மரக் கட்டும்

ஆங்கிலம் தமிழிடம் பெற்ற சொற்களை எண்ணும்போது நாம் முதலில் எடுத்துரைப்பது 'கட்டுமரம்'. 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் மிதவைகளை அப்பெயராலேயே குறித்தார். ஆயினும் இன்று பந்தயக் கடலில் 'கேட்டமரான்' எனப்படுவது நம் கட்டுமரம் அன்று. நம்முடையது மரங்களை நெருக்கிக் கட்டிய மிதவை. அதுவோ இடைவெளி விட்ட இரு தோணிகளைக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்த கலம். அதன் முன்னோடிகள் பசிபிக் தீவுகளின் பாலினீசியரே. பெயர் நமது, வடிவம் அவரது என்று ஒப்புவதில் நமக்கு இழுக்கில்லை. எனினும் 'கட்டு' என்னும் முற்பாதி அக்கலத்துக்கு முற்றும் பொருந்தும்.

1876-இல் நியூயார்க்கில் நடந்த பந்தயத்தில் நத்தானியேல் ஹெர்ரஷாஃப் தம் இரட்டைத் தோணிக் கலமான 'அமரில்லிஸ்' கொண்டு ஏனைய படகுகளை எளிதில் வென்றார். தோற்றவர்கள் முறையிட, அது தகுதி நீக்கம் பெற்றது. (வென்றவனை விலக்கிப் பந்தயத்தைக் காக்கும் வழக்கம் எங்கும் உண்டு போலும்!) நூறாண்டு கழித்து, 1976-இல், 'டார்னடோ' என்னும் இவ்வினக் கலம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது, 2008 வரை நீடித்தது. இதனிடையே கலிபோர்னியாவில் ஹோபி ஆல்டர் உருவாக்கிய சிறு கலங்கள் மணற்கரையிலிருந்தே கடலில் இறங்கின.

இக்கலத்தின் நடுவில் பாய்மரம் ஊன்ற உடலே இல்லை, கீழே நீர்தான். ஆகவே மரத்தின் அடி முன்குறுக்குச் சட்டத்தின்மேல் வெறுமனே அமர்கிறது. அதை நிமிர்த்தி நிறுத்துவன மூன்று எஃகு வடங்களே. முன்வடம் இரு தோணி முனைகளிலிருந்தும் வரும் கவைவடத்தோடு இணைகிறது. பக்கவடங்கள் இரண்டும் மரத்துக்குச் சற்றுப் பின்தள்ளிப் பூட்டப்படுவதால் தனியே பின்வடம் வேண்டா. முதலில் பக்கவடங்களைப் பூட்டி, பிறகு மரத்தை உயர்த்துவர். முன்வடம் பூட்டப்படும்வரை ஒருவர் அதை விடாது பிடித்திருத்தல் வேண்டும். அனைத்துக்கும் முன்னர் அண்ணாந்து பார்த்தல் இன்றியமையாதது. அலுமினிய மரம் மின்கம்பியில் பட்டு மாண்டவர் உண்டு. அதன் பின்னரே ஹோபி கலங்களில் மரத்தின் மேற்பகுதியை மின்கடத்தாக் கண்ணாடியிழையால் அமைத்தனர்.

கட்டின் இறுக்கத்திலும் நுட்பம் உண்டு. இம்மரம் காற்றின் திசைக்கேற்பத் தன் அச்சில் திரும்பவேண்டும். அளவுமீறி இறுக்கினால் திரும்ப மறுக்கும், தளர்ந்தால் அலைதோறும் ஆடும். முன்வடத்தை நீட்டிப் பக்கவடங்களைக் குறுக்கினால் மரம் பின்சாயும். கடுங்காற்றில் முனைகள் நீரில் புதைந்து கலம் குப்புறக் கவிழ்வதை அச்சாய்வு ஓரளவு தடுக்கும். ஆனால் சுக்கான் பிடிப்பவரின் கை கனக்கும்.