மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்

மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட், காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கு அருகே உள்ள நிரந்தர மோட்டார் பந்தயத் தடம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது. நெடுங்காலம் மெட்ராஸ் மோட்டார் ரேஸ் ட்ராக் (எம்.எம்.ஆர்.டி.) என்ற பெயரில் இயங்கியது. பந்தய ரசிகர்கள் ஊர்ப்பெயராலும் இதைக் குறிப்பிடுவர்.

வரலாறு

1953இல் தொடங்கப்பட்ட இக்கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. விமானத்துக்காகப் போடப்பட்ட தளம் வேகத்துக்கு இடம் கொடுத்தது. பந்தயத்துக்கு வேண்டிய வளைவுகளைக் கொடுக்கவில்லை. பந்தயத்துக்கென்றே வடிவமைத்த தடம் இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பட்டது. ஹூண்டாய் கார் ஆலை இங்கு உற்பத்தியைத் தொடங்கியது 1998இல்தான். ஆலைக்கு முன்பே பந்தயக் கார்கள் இவ்வூருக்கு வந்துவிட்டன.

அமைப்பு

முழுத் தடத்தின் நீளம் 3.717 கி.மீ.; வளைவுகள் 12. ஒரு பகுதியை மட்டும் சுற்றிவரும் குறுந்தடமும் உண்டு. 2011இல் திறக்கப்பட்ட கிரேட்டர் நொய்டா புத் சர்க்யூட்டில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நேர்பாதை உள்ளது. இங்கு அவ்வளவு நீண்ட நேர்பாதை இல்லை. ஆகவே எஞ்சின் வலிமையோடு, பிரேக் பிடிக்கும் இடத்தையும் வளைவுக்குள் நுழையும் கோட்டையும் கணிக்கும் திறனும் சுற்று நேரத்தைத் தீர்மானிக்கிறது.

போட்டிகள்

தேசிய கார், மோட்டார் சைக்கிள் சாம்பியன்ஷிப்புகளின் சுற்றுகள் இங்கு நடைபெறுகின்றன. மாருதி 800 எஞ்சின் பொருத்திய சிறிய ஒற்றை இருக்கைக் கார்கள் ஓடிய ஃபார்முலா மாருதி பிரிவு, இளம் ஓட்டுநர்களுக்குப் பயிற்சிக் களமாக அமைந்தது. பின்னாளில் ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனின் பந்தய வாழ்க்கை இப்பிரிவில், இத்தடத்தில்தான் தொடங்கியது. அவர் 2005இல் ஃபார்முலா 1இல் அறிமுகமானார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010இல் அந்நிலையை எட்டினார். எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் தொடர் வெளிநாட்டு இளைஞர்களையும் அழைத்துவந்தது. மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் 2016–17 பருவத்தில் பங்கேற்றார். ஆசிய ரோடு ரேசிங் சாம்பியன்ஷிப் மோட்டார் சைக்கிள் போட்டிகளும் நடைபெற்றுள்ளன.

விபத்துகள்

2023 ஜனவரியில் கார் பந்தயத்திலும், ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் நேர்ந்த விபத்துகளில் போட்டியாளர் இருவர் உயிரிழந்தனர். இரண்டாமவர் 13 வயதுச் சிறுவர்.