குழாயும் உடலும்: விண்வெளியில் நோய் எதிர்ப்பாற்றல் குலைவது எதனால்?

1983 இல் ஸ்பேஸ்லேப்-1 ஆய்வுக்கூடத்தில் அகஸ்டோ கோகோலி குழுவினரின் சோதனை ஒன்று நடந்தது. சோதனைக்குழாயில், மனித இரத்தத்தில் நோய் எதிர்ப்புக்குக் காவலாக இருக்கும் டி அணுக்களோடு, அவற்றைத் தூண்டிப் பெருகச் செய்யும் பொருள் கலக்கப்பட்டது. எடையின்மையில் அந்த அணுக்கள் அநேகமாக எழவே இல்லை; பூமியில் வைத்திருந்த மாதிரியின் 3 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பிற்காலச் சோதனைகளில், விண்கலத்திலேயே சுழற்றிச் செயற்கை ஈர்ப்புக்கு உட்படுத்திய அணுக்கள் இயல்பாகச் செயல்பட்டன. ஈர்ப்பின் பங்கை, ஆகவே, மறுக்க முடியாது. ஆனால் குழாயில் கண்டதை அப்படியே வீரர்களின் உடலுக்கும் பொருத்திவிடுவது சரியல்ல என்பது என் வாதம்.

உடலில் நடப்பதை உமிழ்நீர் காட்டுகிறது. சிறுவயதில் சின்னம்மை வந்து போனபின் அதன் வைரஸ் உடலை விட்டு வெளியேறுவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கிறது. டி அணுக்களின் காவல் தளரும் முதுமையில் அதுவே அக்கியாக வெடிக்கிறது. நாசா ஆய்வாளர்கள் வீரர்களின் உமிழ்நீரையும் சிறுநீரையும் சோதித்தபோது, ஷட்டில் விண்கலத்தில் பறந்த 89 பேரில் 47 பேரிடமும், பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கிய 23 பேரில் 14 பேரிடமும் இத்தகைய ஹெர்ப்பிஸ் குடும்ப வைரஸ்கள் வெளிப்பட்டிருந்தன. பெரும்பாலோருக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. ஆயினும் சின்னம்மை வைரஸ் உயிருள்ளதாக, தொற்றக்கூடியதாகவே இருந்தது.

இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது அதே குடும்பத்தைச் சேர்ந்த எப்ஸ்டீன்-பார் வைரஸின் கதை. 1999 இல் வெளியான ஆய்வில், அது பயணத்தின்போது இருந்ததைவிடப் பயணத்துக்கு முன்புதான் அடிக்கடி உமிழ்நீரில் தென்பட்டது. அப்போது வீரர்கள் தரையில்தானே இருந்தார்கள்? ஈர்ப்பு சிறிதும் குறையவில்லை. பயிற்சியின் கடுமையும் மன அழுத்தமும் இருந்தன. பறக்கத் தொடங்கியபின் வைரஸின் அளவு பன்மடங்கு ஏறியது உண்மைதான். அந்த ஏற்றத்தில் எடையின்மைக்கும் பங்கிருக்கலாம். ஆனால் கதவு திறந்தது தரையிலேயே. அண்டார்க்டிகாவில் குளிர்காலம் முழுதும் அடைபட்டிருந்தவர்களிடமும் இதே வைரஸ் வெளிப்பட்டது, டி அணுக்கள் வழியான எதிர்ப்பாற்றலும் தளர்ந்திருந்தது. அங்கும் ஈர்ப்பு முழுமையாகவே இருக்கிறது.

எதிர்ப்பாற்றல் அடியோடு செயலிழப்பதும் இல்லை. 2015-16 இல் 340 நாள் நிலையத்தில் இருந்த விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லிக்கு அங்கேயே போடப்பட்ட ஃப்ளூ தடுப்பூசிக்கு உடல் எதிர்பார்த்தபடியே பதிலளித்தது. ஒருவரின் சான்றுதான், எனினும் குழாய்ச் சோதனை தரும் இருண்ட சித்திரத்தோடு இது பொருந்தவில்லை.

அப்போலோ 14 முதல், புறப்படுமுன் வீரர்களைத் தனிமைப்படுத்தும் முறை நடப்பில் உள்ளது. வெளிக்கிருமியை அது தடுக்கும். உள்ளே உறங்கும் வைரஸை என்ன செய்யும்? நிலையத்தில் உடற்பயிற்சிக் கருவிகளும், சரக்குக் கலங்களின் வருகையும், குடும்பத்தோடு பேசும் வசதியும் மேம்பட்டபின் வைரஸ் வெளிப்பாடு குறைந்ததாக 2020 இல் நாசா குழுவினர் எழுதினர். மன அழுத்தத்தின் பங்குக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. செவ்வாய்ப் பயணத்திலோ சரக்குக் கலம் வராது. வீட்டுக்குச் சொல்லும் ஒரு வார்த்தை போய்ச்சேரவே 20 நிமிடத்துக்கு மேலாகலாம். அங்கே செல்வோருக்கு அக்கித் தடுப்பூசியைப் புறப்படுமுன்பே கட்டாயமாக்க வேண்டும். தூக்கத்தையும் ஓய்வையும் பணி அட்டவணையின் எச்சமாக விடாமல் முதலிலேயே ஒதுக்க வேண்டும்.